பலகை ஏன் திரும்பி அடிக்கிறது?

கேள்வி: டேபிள் சாவில் (மேஜையில் பொருத்திய வட்ட ரம்பத்தில்) தேக்குப் பலகையை நீளவாக்கில் கிழிக்கும்போது, பாதியில் பலகை சீறி வந்து வயிற்றில் அடித்தது. மோட்டார் கோளாறா?

பதில்: மோட்டார் காரணமில்லை. இது 'கிக்பேக்'. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் தளர்ந்து வெட்டுவாய் (பிளேடு வெட்டிய இடைவெளி) மூடினாலோ, பலகை ஃபென்ஸுக்கும் (பலகையை நேராகத் தள்ள உதவும் பக்கச் சட்டம்) பிளேடுக்கும் நடுவே நெருக்குப்பட்டாலோ அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் பக்கம் எறிந்துவிடும்.

பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் (வெட்டுவாய்க்குள் நிற்கும் உலோகத் தகடு) இருக்கிறதா பாருங்கள். இடைஞ்சல் என்று பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள், பெரிய தவறு. வெட்டுவாய் மூடாமல் காப்பதே அதுதான். அதன் தடிமன் பிளேடு தகட்டைவிடக் கூடுதலாக, பற்களின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். பற்களிலிருந்து 3 முதல் 8 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும்.

அடுத்து, மேஜையின் நீளப்பள்ளத்திலிருந்து ஃபென்ஸ் வரை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பின்முனை பிளேடு பக்கம் சாய்ந்திருந்தால் நெருக்கும்.

பிளேடு ஓடும் நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடைவெளி 15 செ.மீ.க்குக் கீழே என்றால் கையால் தள்ளவே கூடாது, தள்ளுகட்டைதான். கையுறையும் வேண்டாம், நூல் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும்.