அம்மாவின் ஐந்து பவுனும் துபாய் வேலையும்

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 26, பி.ஏ. ஆங்கிலம். சம்பளம் 16,000 ரூபாய். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வடமாநிலத்தவர்கள்தான் எங்களிடம் அதிகம் தங்குவார்கள் என்பதால் இந்தியும் பெங்காலியும் பேசுவேன். "உன் இங்கிலீஷுக்கு துபாய் ஓட்டலில் உடனே வேலை" என்கிறார் ஒரு ஏஜென்ட். மாதம் 1,800 திர்ஹாம், தங்குமிடம் இலவசம், இரண்டு வருட ஒப்பந்தம். முதலில் விசிட் விசா, போனபிறகு மாற்றிக்கொள்ளலாமாம். கட்டணம் நாலரை லட்சம். அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்தால் இரண்டரை லட்சம் வரும். மீதி இரண்டு லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கலாம் என்றிருக்கிறேன். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். ஆஃபர் லெட்டர் நகலை இணைத்துள்ளேன். இந்த வாரமே பணம் கட்டலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கட்டாதீர்கள். வெளிநாடு போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில், இந்த விலைக்குப் போகவேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 1,800 திர்ஹாமில் சாப்பாட்டுக்கு 500, போன், பஸ் என்று 200 போனால் மிச்சம் 1,100. ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் 25,300 ரூபாய். நகைக்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 2,500. மூணு வட்டிக்கு 6,000. ஆக முதல் மாதம் வட்டி மட்டுமே 8,500 ரூபாய். மூணு வட்டிக் கடனை முதலில் அடைத்து, பிறகு நகையை மீட்டால் எல்லாம் முடிய ஏறக்குறைய 21 மாதம் ஆகும். அதுவரை வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பமுடியாது. 24 மாத ஒப்பந்தத்தில் உங்களுக்கென்று உழைப்பது மூன்றே மாதம். நடுவில் வேலை போனால்? சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும்.

இனி சட்டம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். 18 சதவீதம் சேர்த்தால் 35,400. உங்களிடம் கேட்பது அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அமீரகத்தின் தொழிலாளர் சட்டமோ, ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது என்கிறது. விசிட் விசாவில் அங்கே வேலை செய்வதும் சட்டவிரோதம். மாட்டினால் ஏஜென்ட் வரமாட்டார். வேலை விசா கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பட்டதாரி என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி, அதாவது வேலைக்காக வெளிநாடு போக நம் அரசு தரும் அனுமதி, தேவைப்படாது. அதைச் சொல்லியே "பதிவெல்லாம் எதற்கு" என்று மழுப்புவார்கள். ஆளெடுப்பவர் பதிவு செய்திருக்கவேண்டும் என்ற விதி அதனால் மாறிவிடாது.

உங்கள் ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா? 'அடிப்படைச் சம்பளம் 900, இதர படிகள் 900' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அமீரகத்தில் ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். முழு 1,800-ம் அடிப்படை என்றால் வருடத்துக்கு 1,260 திர்ஹாம். இந்தக் கடிதப்படி 630. பாதி போய்விட்டது. உண்மையான வேலையாகவே இருந்தாலும் இதைக் கேட்டுத் திருத்தவேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். துபாய் ஓட்டல் ரிசப்ஷனில் பிலிப்பைன்ஸிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்தவர்கள் உங்களைவிடச் சரளமாகவே பேசுவார்கள். அது நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். உங்கள் பலம் வேறு. ஆபரேஷனுக்கு வந்து, மொழி தெரியாமல், ஸ்கேன் கவரைக் கையில் பிடித்தபடி நிற்கும் குடும்பத்துக்கு பெங்காலியில் வழிசொல்லி அனுப்புகிறீர்களே, அந்த நான்கு வருட அனுபவம். ஓட்டல்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டு நோயாளிகள் வரும் மருத்துவமனைகளின் உதவி மையங்களுக்கும் விண்ணப்பியுங்கள். லாட்ஜ் முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் ஆகிய மூன்று இடத்து முத்திரையும் வேண்டியிருக்கும். அந்தச் செலவு நியாயமானது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே பதிவு செய்யுங்கள்.

புறப்படுவதற்குள் திரும்பிவரும் டிக்கெட்டுக்கும் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் பணம் சேருங்கள். போனபிறகு இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். சம்பளம் அனுப்ப, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

இதெல்லாம் பிறகு. நாளைக் காலை முதல் வேலையாக ஏஜென்ட்டிடம் போய்ப் பாஸ்போர்ட்டை வாங்குங்கள், தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு. பணம் கட்டினால்தான் தருவேன் என்றால், சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று சொல்லுங்கள். அப்போதும் தரமறுத்தால் நேராகக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காகச் சென்னையில் உள்ள மத்திய அரசின் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.