பறக்கும் தட்டும் 12 போர் துப்பாக்கியும்: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகள் எல்லாம் களிமண் தட்டுச் சுடுதலில் காலடி வைக்கப் போகிறவர்களுடையவை. ட்ராப், ஸ்கீட் இரண்டும் பல வருடங்களாகச் சுடுகிறேன், சொல்லியும் தருகிறேன். ரைஃபிள், பிஸ்டல் பற்றிக் கேட்காதீர்கள். அவை என் பக்கமில்லை.

அக்கா, ட்ராப், ஸ்கீட், ஸ்போர்ட்டிங் என்று மூன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு ஓடும். உங்களுக்கு முன்னால் தரைக்கடியில் இருக்கும் பள்ளத்திலிருந்து கிளம்பும், எந்தக் கோணத்தில் வரும் என்று தெரியாது. ஒலிம்பிக் ட்ராப் என்றால் பள்ளத்துக்குள் 15 எந்திரங்கள், சுடுபவர் நிற்க 5 நிலைகள், தட்டு 76 மீட்டர் போய் விழும் வேகம். யோசிக்க நேரமே கிடையாது.

ஸ்கீட்டில் தட்டு உங்கள் குறுக்கே போகும். இடப்பக்கம் உயர வீடு, வலப்பக்கம் தாழ்ந்த வீடு. ஒன்றில் தட்டு ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்திலிருந்து வரும், மற்றதில் 1 மீட்டர். இரண்டுக்கும் இடையே அரைவட்டத்தில் 7 நிலைகள், நடுவில் எட்டாவது. தட்டு போகும் பாதை எப்போதும் ஒன்றுதான், நீங்கள்தான் இடம் மாறுகிறீர்கள். 1920களில் மாசசூசெட்ஸில் ஆண்டோவர் என்ற ஊரில் சார்ல்ஸ் டேவிஸ் இதைத் தொடங்கியபோது முழு வட்டமாக இருந்தது. பக்கத்து நிலத்தில் கோழிப்பண்ணை வந்ததும் அந்தப் பக்கம் சுட முடியாமல் போக, வட்டம் பாதியானது. இன்று உலகமே அந்தக் கோழிகளுக்குப் பயந்து அரைவட்டத்தில்தான் நிற்கிறது.

ஸ்போர்ட்டிங்கில் தட்டு எங்கிருந்தும் வரும், தரையில் உருண்டுகூட வரும். அது பிறகு.

என்னிடம் வருகிறவர்களை ஸ்கீட் களத்தின் ஏழாம் நிலையில் நிறுத்தி, தாழ்ந்த வீட்டுத் தட்டைத்தான் முதலில் போடச் சொல்வேன். உங்கள் பக்கத்திலேயே கிளம்பி ஏறக்குறைய நேராக விலகிப் போகும், முன்தூரம், அதாவது ஓடும் தட்டுக்கு முன்னால் விட்டுச் சுடும் இடைவெளி, எதுவும் வேண்டாம். முதல் நாளே நாலு தட்டு உடைந்தால் மறுவாரமும் வருவீர்கள்.

களிமண் தட்டு உண்மையிலேயே களிமண்ணா?

இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் தார்ப்பிசினும். 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம். 1880 வாக்கில் ஜார்ஜ் லிகௌஸ்கி என்ற அமெரிக்கர் செய்த முதல் தட்டுகள் சுட்ட களிமண். அவை ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் சின்ன ஈயக் குண்டுகள்) பட்டாலும் உடைய மறுத்ததால் மண் போனது, பெயர் நின்றது. அதற்கு முன் கண்ணாடி உருண்டை, அதற்கும் முன் உயிருள்ள புறா. தட்டைக் கேட்க நாம் ‘புல்!’ (ஆங்கிலத்தில் ‘இழு’) என்று கத்துவதும் அந்தக் கால மிச்சம்தான். அன்று ஒருவர் நிஜமாகவே கயிற்றை இழுப்பார்.

முதல் துப்பாக்கி எது வாங்கலாம் சார்?

சார் இல்லை, அக்கா. எதுவும் வாங்காதீர்கள். சங்கத்தின் துப்பாக்கியில் குறைந்தது பத்துச் சுற்றாவது சுடுங்கள், ஒரு சுற்றுக்கு 25 தட்டு. துப்பாக்கி சட்டை மாதிரி. தோளில் வைக்கும் கட்டையின் நீளம், அதில் கன்னம் படும் உயரம், இரண்டும் உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். கட்டை தாழ்ந்திருந்தால் குழலின் பின்பக்கம்தான் தெரியும், உயர்ந்திருந்தால் தட்டுக்கு மேலே சுடுவீர்கள். ரைஃபிளுக்குப் பின்குறி உண்டு. இங்கே உங்கள் கண்தான் பின்குறி, அது நகர்ந்தால் எல்லாம் நகர்ந்தது.

வாங்கும் நாள் வரும்போது மேலும் கீழுமாக இரட்டைக் குழல், அதாவது ஓவர் அண்டர். மடித்துத் திறந்து கையில் தொங்கினால் அது சுடாது என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

நான் மெலிந்த உடம்பு. 12 போர் தோளை உடைக்கும் என்று பயம். 20 போரில் ஆரம்பிக்கட்டுமா அக்கா?

நல்ல கேள்வி, பதில் பலருக்குப் பிடிக்காது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 போர், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாக்கினால் 20 போர். எண் கூடினால் துளை சிறியது, அவ்வளவுதான். உதைப்பது துளை அல்ல தங்கச்சி, தோட்டாவும் எடையும்தான். ஒரே 24 கிராம் ரவையை மூன்றரைக் கிலோ 12 போரிலும் லேசான 20 போரிலும் சுட்டுப் பாருங்கள், லேசானதுதான் அதிகம் உதைக்கும். 24 கிராம் ஒன்றும் குறைச்சலில்லை, ஒலிம்பிக்கிலேயே அதுதான் உச்ச வரம்பு. கட்டையை முதலில் கன்னத்துக்குக் கொண்டு வாருங்கள், தோள் தானாக வந்து சேரும். உடம்பின் பாரம் முன்காலில் இருக்கட்டும்.

இரண்டு போரும் உள்ள களத்தில் ஓர் எச்சரிக்கை. 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் சிக்கி நிற்கும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், விரல்கள் போகும். 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் தருவதே இதற்காகத்தான். ஒரே சட்டைப் பையில் இரண்டையும் போடாதீர்கள். தோட்டா போடும் முன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காதடைப்பான் கட்டாயமா? வெட்டவெளிதானே?

கட்டாயம். நான் கற்ற இடத்தில் யாரும் போடவில்லை, நானும் போடவில்லை. இன்று இரவு நீங்கள் தூங்கும்போது என் இடது காதில் சில்வண்டு கத்திக்கொண்டிருக்கும். கண்ணாடியும் கட்டாயம், உடைந்த தட்டின் சில்லு திரும்பி வரும்.

ஒரு கண்ணை மூடணுமா, இரண்டும் திறந்தா?

முடிந்தால் இரண்டும் திறந்து. தட்டின் தூரமும் வேகமும் இரண்டு கண்ணில்தான் சரியாகத் தெரியும். ஆனால் முதலில் உங்கள் ஆளும் கண், அதாவது குறி பார்ப்பதில் முந்தும் கண், எது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்னத் துளை விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை அதில் பிடியுங்கள். கண்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். வலது தோளில் வைப்பவருக்கு இடது கண் ஆண்டால் எல்லாம் இடப்பக்கம் போகும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் தோளை மாற்றுங்கள். பழகிவிட்டவர் என்றால் இடது கண்ணாடியில், குழலின் நுனி தெரியும் இடத்தில், சின்னதாக மங்கல் டேப் ஒட்டினால் போதும்.

முதல் துப்பாக்கிக்கு எந்த மாடல் நல்லது?

மேலே சொல்லியாயிற்று.

எந்தச் சோக் போடுவது?

சோக் என்பது ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் நுனியில் வைக்கும் குறுக்கம். கால்வாசிச் சோக் போதும். போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்துவிடுங்கள்.

லைசென்ஸ் எப்படி எடுப்பது?

நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் பகுதிச் சங்கத்தில் கேளுங்கள், இங்கே கேட்டுத் தப்பான பதிலை நம்பாதீர்கள்.

இயற்பியல் படித்தவன். தட்டோடு துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டே சுடு என்கிறீர்கள். சுழலும் குழலிலிருந்து வரும் ரவைக்குப் பக்கவாட்டு வேகம் கிடைக்குமே? அப்படியென்றால் முன்தூரம் எதற்கு?

கணக்குப் போடுவோம் தம்பி. தட்டு 35 மீட்டர் தள்ளிக் குறுக்கே வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. ரவை சராசரியாக வினாடிக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போய்ச் சேர 0.12 வினாடி. அதற்குள் தட்டு 2.3 மீட்டர் நகர்ந்திருக்கும். உங்கள் சுழற்சி வினாடிக்கு 0.57 ரேடியன். குழல் நுனி உங்கள் உடம்பிலிருந்து ஒரு மீட்டர் என்றால் பக்கவாட்டு வேகம் அரை மீட்டர் சொச்சம். அது தருவது 7 சென்டிமீட்டர். தேவை 2.3 மீட்டர். மிச்சத்துக்கு என்ன செய்வீர்கள்?

ஆனால் எங்கள் களத்தில் ஒரு பெரியவர் முன்தூரமே விடுவதில்லையாம். தட்டைத் தொட்டவுடன் சுடுவாராம், நூற்றுக்குத் தொண்ணூறு உடைக்கிறார். அவர் பொய் சொல்கிறாரா?

இல்லை, அவர் கண் அவருக்குச் சொன்னதைச் சொல்கிறார். அவர் தட்டுக்குப் பின்னாலிருந்து அதைவிட வேகமாகக் குழலை ஓட்டி வருகிறார். ‘சுடு’ என்று மூளை முடிவு செய்து, விரல் அழுத்தி, ரவை வெளியேற ஒரு வினாடியின் சிறு பகுதி ஆகிறது. அந்த நேரத்தில் குழல் தட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. 35 மீட்டரில் தட்டைவிட வினாடிக்கு 12 மீட்டர் அதிக வேகத்தில் ஓட்டினால், 0.2 வினாடியில் 2.4 மீட்டர். அவர் விடாத முன்தூரத்தைக் கை விட்டுவிட்டது. குழலைத் தட்டுக்கு முன்னாலேயே வைத்து அதே வேகத்தில் கூடப் போகிறவருக்கோ அந்த 2.3 மீட்டரும் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் ஒரே தட்டுக்கு ஒருவர் ‘ஒரு சாண்’ என்பார், இன்னொருவர் ‘ஒரு கார் நீளம்’ என்பார். இரண்டு பேரும் உடைப்பார்கள்.

அப்படியானால் அளந்து சுடுவதுதானே சரியான முறை?

இதைத்தான் எதிர்பார்த்தேன். அளக்க வேண்டுமென்றால் கண் தட்டை விட்டுக் குழலுக்கு வர வேண்டும். வந்த அந்த நொடியில் கை நின்றுவிடும். நின்றால் தட்டுக்குப் பின்னால்தான் சுடுவீர்கள். குறுக்குத் தட்டைத் தவறவிடும் புதியவர்களில் பெரும்பாலோர் பின்னால்தான் தவறவிடுகிறார்கள். தட்டின் முன்விளிம்பைப் பாருங்கள், சுட்ட பிறகும் கை ஓடட்டும். கணக்கை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் ஆண்களோடு போட்டி போட முடியுமா?

1992 பார்சிலோனா ஒலிம்பிக் ஸ்கீட் இருபாலருக்கும் பொதுவாக நடந்தது. சீனாவின் ஜாங் ஷான் எல்லா ஆண்களையும் தாண்டித் தங்கம் வென்றார். 1996இல் பெண்களுக்கு ஸ்கீட்டே இல்லை. 2000இல்தான் தனிப் பிரிவாக வந்தது. முடியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

டிரிகரை அழுத்தினேன், சுடவில்லை. உடனே திறந்து பார்க்கலாமா?

கூடாது. களத்தை நோக்கியே பிடித்து 30 வினாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அதேபோல் ‘புஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் நிறுத்துங்கள். உள்ளே அடைப்பு சிக்கியிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆமாம், மறுபடியும்.

ஆரம்பத்துக்குச் செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துப்பாக்கி) வாங்கலாமா?

வாங்குவது பற்றி இன்னொரு கேள்வி வந்தால் கடையைச் சாத்திவிடுவேன். உதை குறைவு, உண்மை. ஆனால் காலித் தோட்டா பக்கத்தில் நிற்பவர் மேல் விழும், காலியா என்று தூரத்திலிருந்து தெரியாது.

சுட்டு முடித்ததும் அங்கேயே டீ குடிக்கலாமா?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. ஈயம்.

இயற்பியல் தம்பிதான் அக்கா. நேற்றுப் போனேன். 25க்கு 6. ஏழாம் நிலையில் மட்டும் விழுந்தது, மற்றதெல்லாம் பின்னால். கை நின்றது எனக்கே தெரிந்தது. இன்று காலை பார்த்தால் நீலமாக இருக்கிறது.

எங்கே நீலம்? புஜத்தில் என்றால் கட்டையைத் தோள்குழிக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள். கன்னத்தில் என்றால் சுடும் நேரத்தில் தலையைத் தூக்கியிருக்கிறீர்கள். இரண்டில் எது என்று சொல்லுங்கள்.