ஊருக்கு ஒன்று போதுமா? – கடிதம்

வணக்கம்,

பதினாறு ஆண்டுகளாகப் பெருநகரத்தில் இருக்கிறோம். எனக்கு மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. மனைவி செவிலியர். மகள் ஒன்பதாம் வகுப்பு. மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார்; நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும், சுமார் 4 லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்துக்குக் குடிபோய்விடலாம் என்று யோசிக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். விடுமுறையில் இரண்டு முறை போய்வந்தோம், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இங்கிருக்கும் அடுக்ககத்தை விற்று அங்கே வீடு வாங்கிவிடலாமா? இப்படி ஊர் மாறுபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஒன்றரை ஆண்டாவது வாடகைக்கு இருந்து பாருங்கள்.

4 லட்சம் பேர் வாழும் ஊரில் அநேகமாக எல்லாமே இருக்கும். குடிபோகிறவர்கள் "அது அங்கே இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள், "இருக்கிறது" என்று பதில் வந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது: இரண்டாவது இருக்கிறதா?

ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். எந்தச் சேவையும் ஓர் ஊரில் நிலைத்து நிற்க, குறைந்தபட்சம் இத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும் என்ற வரம்பு உண்டு. முடிதிருத்தகத்துக்குச் சில நூறு பேர் போதும். குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் பல லட்சம் பேர் வேண்டும். நடுத்தர நகரத்தில் பல சேவைகள் அந்த வரம்பைச் சற்றே தாண்டி நிற்கின்றன. ஒன்று பிழைக்கும் அளவுக்கு ஆட்கள் இருப்பார்கள், இரண்டு பிழைக்கும் அளவுக்கு இருக்க மாட்டார்கள். அந்த ஒன்று நன்றாக இருக்கும்வரை ஊர் சொர்க்கம். அந்த மருத்துவர் ஓய்வு பெற்றாலோ, அந்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்தாலோ, அந்தப் பள்ளி மகளுக்கு ஒத்துவராமல் போனாலோ, நீங்கள் ஊரையே மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி முதலில் மாமனாருக்குத்தான் வருகிறது. திட்டமிட்ட சிகிச்சை எதையும் உங்கள் பழைய மருத்துவரிடமே வந்து செய்துகொள்ளலாம். ஐந்து மணி நேர ரயில் ஒரு பொருட்டல்ல. அவசரத்துக்கு அப்படி முடியாது. முழு அடைப்போடு வரும் மாரடைப்பில், ஈ.சி.ஜி.யில் கண்டறிந்த 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை) செய்ய முடியுமென்றால் அதுதான் முதல் தேர்வு. முடியாதென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு வேறு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பக்கவாதத்தில், சி.டி. ஸ்கேன் பார்த்து ஊசி போட அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஆகவே அந்த ஊரில் உங்களுக்கு உலகத்தரம் தேவையில்லை. ராத்திரியில் திறந்திருக்கும் கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடம்) ஒன்றும், அதற்கு மாற்றாக இன்னொன்றும் போதும்.

இதை விளம்பரப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. "24 மணி நேர இதய சிகிச்சை" என்று எழுதியிருப்பார்கள். இயந்திரமும் இருக்கும். ஆனால் அதை இயக்கும் இதய நிபுணர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து போகிறவராக இருக்கலாம். நடுத்தர நகரங்களில் இது மிகவும் சாதாரணம். மருத்துவமனைக்கு போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலியோடு வந்தால் ஆஞ்சியோ யார் செய்வார், அவர் எங்கே குடியிருக்கிறார்?" வரவேற்பறையில் இதற்குப் பதில் கிடைக்காது, அவசர சிகிச்சைப் பிரிவின் செவிலியருக்குத் தெரியும். உங்கள் மனைவியே கேட்டால் இன்னும் நல்லது. ஒரு செவிலியர் இன்னொரு செவிலியரிடம் மழுப்ப மாட்டார்.

கிளம்பும் முன் மாமனாரின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ படங்கள் பதிந்த குறுந்தகடு, வலி இல்லாத நாளில் எடுத்த ஓர் ஈ.சி.ஜி. மூன்றையும் பிரதியெடுத்து வையுங்கள். அந்தப் பழைய ஈ.சி.ஜி.யைப் போனிலும் வைத்திருங்கள். புதிய மருத்துவருக்குப் புதிய மாற்றம் எது, பழைய தழும்பு எது என்று பிரித்தறிய அது உதவும். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து வேலை. மேலாளர் "சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலாளர்கள் மாறுவார்கள். எந்த ஊரிலிருந்து வேலை, அலுவலகத்துக்கு அழைத்தால் எத்தனை நாள் அவகாசம், அந்தப் பயணச் செலவு யாருடையது, ஊருக்கேற்பச் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் உண்டா என்ற நான்கையும் ஹெச்.ஆரிடமிருந்து மின்னஞ்சலில் வாங்குங்கள். நான்காவதைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். மாறிப்போன பிறகு தெரியவந்தால் பேரம் பேச இடமிருக்காது.

பிறகு ஒரு தாளை எடுத்து, உங்கள் வேலைக்கு ஆளெடுக்கக்கூடிய நிறுவனங்கள் அந்த ஊரில் எவையெவை என்று பெயர் பெயராக எழுதுங்கள். இன்றைக்குக் காலியிடம் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. மூன்று பெயருக்கு மேல் எழுத வரவில்லையென்றால், இப்போதைய வேலை போகும் நாளில் ஊரும் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளலாம். நகரம் இரண்டு மடங்கு பெரிதானால் சராசரி ஊதியம் ஆளுக்குச் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறிய ஊருக்குப் போகும்போது அதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டில் உறுதியான வேலை மனைவியுடையதுதான். செவிலியரைத் தேடும் மருத்துவமனை எந்த ஊரிலும் நாலைந்தாவது இருக்கும். குடும்பத்தின் நங்கூரத்தை அவர் வேலையில் போடுங்கள். மாநிலமோ நாடோ மாறுவதானால் செவிலியர் பதிவை மாற்றச் சில மாதங்கள் ஆகலாம். அதை முதலில் தொடங்குங்கள்.

மகள் படிப்பு: இரண்டாண்டுப் பாடத்திட்டத்தின் நடுவில் மாற்றாதீர்கள். சேர்க்கப்போகும் பள்ளியில் அவள் எடுக்க விரும்பும் பாடப் பிரிவு மேல்வகுப்பில் நடக்கிறதா, போன வருடம் அதில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேளுங்கள். ஏழெட்டுப் பேர் படித்த பிரிவு அடுத்த வருடம் இல்லாமலே போகலாம்.

வீட்டுக்கு வருவோம். நடுத்தர நகரத்தில் நல்ல வாடகை வீடு விளம்பரத்துக்கு வருவதற்குள் கைமாறிவிடும். பழைய குடித்தனக்காரர் காலி செய்வதை எதிர்வீட்டுக்காரர் தன் தம்பியிடம் சொல்லியிருப்பார். இணையத்தில் மூன்று மாதமாகக் கிடக்கும் வீட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். ஆகவே முதல் வீட்டைச் சுமாராகவே எடுங்கள், குறுகிய ஒப்பந்தத்தில். நல்ல வீடு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, வாய்வழியாகத்தான் வரும். விற்பனையிலும் இதே கதை: வாங்குபவர்கள் குறைவு என்பதால், அவசரத்துக்கு விற்க நினைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். பெருநகர அடுக்ககத்தை விற்றுவிட்டால், திரும்பி வர நினைக்கும்போது அதே இடத்தில் அதே அளவு வீடு உங்கள் கைக்கு எட்டாமல் போகக்கூடும். வாடகைக்கு விடுங்கள்.

வீடு பார்க்கப் போனால் வேலைநாளில் காலை 7 மணிக்குப் போங்கள். மாடிக் குடித்தனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் திறக்கும் நேரம் அது. குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள், போனில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலையில்லை. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் மேல்நிலைத் தொட்டி சிறியது, அல்லது குழாய் உள்ளே உப்பு பிடித்துச் சுருங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் "மோட்டார் போட்டால் வரும்" என்பார். வாளியில் பிடித்த தண்ணீரை அப்படியே தரையில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வடிகாலுக்குப் போகாமல் கதவுப்பக்கம் வந்தால் தினமும் துடைப்பம் கையிலிருக்கும். பிறகு வீட்டின் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரையாவது அழைத்துப் பேசுங்கள். திரையில் கோடுகள் எத்தனை என்பதை நம்பாதீர்கள். மழை பெய்த மறுநாள் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை அதே தெருவுக்குப் போய்வாருங்கள்.

இணைய இணைப்புக்கு இரண்டு நிறுவனங்கள் இருக்கும். இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே வழியில் வருகின்றனவா என்று கேளுங்கள். அப்படியானால் ஒரு லாரி மோதினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று கேபிளாகவும் மற்றொன்று சிம் போட்ட ரூட்டராகவும் இருந்தால்தான் அது உண்மையான இரண்டாவது. உங்கள் சம்பளமே அந்தக் கம்பியில் ஓடுவதால் இதைச் சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள்.

போக்குவரத்தில் நிச்சயம் லாபம் உண்டு, ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் நெரிசல் குறைந்த நேரமே இருக்கும், இருக்கும்போது கடுமையாக இருக்கும். பள்ளியும் அலுவலகமும் ஒன்றாகத் தொடங்கும் அரைமணி நேரத்தில் ஊர் முழுக்க ஒரே ஆற்றுப் பாலத்தையோ ஒரே ரயில்வே கேட்டையோ நோக்கி வரும். வீடு, பள்ளி, மனைவியின் மருத்துவமனை மூன்றும் பாலத்தின் ஒரே பக்கம் இருக்கும்படி பாருங்கள். பேருந்து அரைமணிக்கு ஒன்று என்றால், நேரம் பார்க்காமல் போய் நிற்பவர் சராசரியாகக் கால்மணி நேரம் காத்திருப்பார். கடைசிப் பேருந்து உங்கள் மனைவியின் மாலை ஷிப்ட் முடிவதற்கு முன்பே போயிருக்கும். பெரும்பாலும் இரண்டாவது வண்டி வாங்க வேண்டிவரும். வாடகையில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதி அதற்குப் போய்விடும். செலவுக் கணக்கை மாதத்துக்குப் போடாமல் ஆண்டுக்குப் போடுங்கள்: பெருநகரத்துக்கு எத்தனை முறை வருவீர்கள், நான்கு பேருக்கு எத்தனை டிக்கெட் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். குறைவது வாடகையும் வேலையாட்களின் கூலியும்தான். போன், கணினி, கார் போன்றவை எங்கிருந்து வாங்கினாலும் அதே விலை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் நன்றாகப் பழகுவார்கள், ஆனால் வீட்டுக்கு அழைக்க மாட்டார்கள். அதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளித் தோழர்களும் பங்காளிகளும் அதே ஊரில் இருப்பதால் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் ஒரே ஆட்களைப் பார்த்தால் 200 மணிக்கு இரண்டு வருடம். எனவே போன முதல் மாதமே, வாரந்தோறும் அதே ஆட்கள் கூடுகிற ஏதாவது ஒன்றில் சேருங்கள்: பூப்பந்து, பாட்டு வகுப்பு, வாசகர் வட்டம், எதுவானாலும். ஒருமுறை நடக்கும் விழாக்களுக்குப் போவதால் முகங்கள்தான் தெரியும். வெளியூர்க்காரர்கள் அதிகம் வேலை செய்யும் பல்கலைக்கழகமோ ஆலையோ மருத்துவமனையோ இருந்தால் அங்கே தொடங்குங்கள், அவர்களுக்கும் ஆள் தேவை. இன்னொன்று: குழாய் வேலைக்காரரோடு நீங்கள் போட்ட சண்டை வீட்டுக்காரருக்கு மறுநாளே தெரிந்திருக்கும். கூலியை அன்றன்றே கொடுப்பவர் என்ற பெயரும் அதே வேகத்தில் பரவும்.

விடுமுறையில் பார்த்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். விடுமுறையில் யாரும் ரேஷன் அலுவலக வரிசையில் நிற்பதில்லை. நீங்களும் மகளும் மட்டும் பள்ளி நாட்களில் மூன்று வாரம் ஓர் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்தே வேலை பாருங்கள். அதற்கு முன்னால் அந்த ஞாயிறு ராத்திரி போன் அழைப்பை உங்கள் மனைவி போட்டுவிடட்டும். பதில் சரியில்லையென்றால் அறை எடுக்கும் செலவும் மிச்சம்.