டப்பாவில் போட்டிருக்கிற கணக்கு

கேள்வி: என் பாய்மரப் படகின் டெக்கில் வார்ப்பிலேயே வந்த வைர வடிவ வரிகள் தேய்ந்து, ஈரமானால் வழுக்குகிறது. வழுக்காமல் இருக்க எந்தப் பெயிண்ட் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். வரிகளுக்கு நடுவே அழுக்கு நிரம்பினாலும் இப்படித்தான் வழுக்கும். ஒரு மூலையை விறைப்பான பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாகத் திரண்டு நின்றால், பளபளப்புக்காக யாரோ மெழுகு பூசியிருக்கிறார்கள். அதை நீக்கிவிட்டு நடந்து பாருங்கள். வரிகளே மழுங்கியிருந்தால்தான் பெயிண்ட்.

கேள்வி: கடற்கரை மணலைப் பெயிண்டில் கலந்தால் செலவு மிச்சம்தானே?

பதில்: மணலோடு உப்பும் சேர்ந்து வரும், மணல் டப்பாவின் அடியில் போய்த் தங்கும், மேலே நிற்பது முழங்காலைச் சிராய்க்கும். வேண்டாம்.

கேள்வி: டெக் முழுவதற்கும் ஒரே டப்பா போதும் என்றார் கடைக்காரர். பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கிய டப்பாவின் நிறம் சற்று வேறாக இருக்கிறது.

பதில்: உங்கள் மீது தவறில்லை. இந்த 'லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர்' விவகாரம் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல். நான் வாங்கிய ஒரு டப்பாவின் முகப்பில் அந்தக் கணக்கு கொட்டை எழுத்தில் இருந்தது. பின்புறம் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிய பிறகுதான் 'வழவழப்பான பரப்பில், மெல்லிய பூச்சுக்கு' என்ற வரி கண்ணில் பட்டது. வழவழப்பான பரப்பில் மெல்லிதாக அடிப்பதற்கா ஒருவர் வழுக்காத பெயிண்ட் வாங்குகிறார்? சொரசொரப்பு வர வேண்டுமானால் தடிமனாகப் பூச வேண்டும். ரோலர் உருட்டும்போது பூச்சில் முள் முள்ளாக எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பெயிண்ட் கரையும். அந்தத் தடிமனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் பல கடைகளில் பதிலே வராது. ஆகவே சொரசொரப்பு வேண்டிய கட்டங்களை மட்டும் அளந்து, தயாரிப்பாளரின் குறிப்புத்தாளில் தடிமன் பூச்சுக்குரிய கணக்கைப் பார்த்து, எல்லா டப்பாவையும் ஒரே தொகுதி எண்ணில் வாங்க வேண்டும். கெட்டியாக்கி தனியாகச் சேர்க்கத் தேவையில்லாத ஒற்றைக் கலவைப் பெயிண்ட் என்றால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்கலாம். நீங்கள் இப்போது செய்யக்கூடியது: பாதியில் நிற்கும் கட்டத்தை முழுவதும் புது டப்பாவால் அடியுங்கள். கட்டங்களுக்கு இடையே வழவழப்பான பட்டை ஓடுவதால் வேறுபாடு உறுத்தாது. கட்டத்தின் ஓரத்தில் ஒட்டிய டேப்பைப் பெயிண்ட் காய்வதற்கு முன்பே உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

கேள்வி: உப்புத்தாள் போட்டு, டேப் ஒட்டி, முறைப்படி அடித்தேன். ஒரே பருவத்தில் தகடு தகடாக உரிகிறது. மட்டமான பெயிண்டை விற்றுவிட்டார்கள்.

பதில்: உப்புத்தாளுக்கு முன் மெழுகு நீக்கும் கரைப்பானால் துடைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. துடைக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். தவிர, உப்புத்தாள் வரிகளின் முகட்டைத்தான் தொடும். பள்ளங்களுக்கு உரசும் நார்ப்பட்டை வேண்டும். குறிப்புத்தாளைப் படிக்காமல் அடித்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

கேள்வி: பழைய படகு வாங்கினேன். டெக்கில் புதிதாக வழுக்காத பெயிண்ட் அடித்திருந்தார்கள். இப்போது ஓரக் கம்பித் தூண்களின் அடியில் மிதித்தால் அமுங்குகிறது.

பதில்: வருத்தமாக இருக்கிறது. போல்ட் துளை வழியாக இறங்கிய தண்ணீர், ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பால்சா என்ற லேசான மரக்கட்டையை அழுகச் செய்திருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் 'டக்' என்னும், கெட்ட இடம் 'பொத்' என்னும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்து படம் எடுங்கள். படகு ஆய்வாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, விளம்பரத்தின் நகலோடு விற்றவருக்கு அனுப்புங்கள். அதற்கு முன் எதையும் பிரித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: கறுப்பு நிற ஃபோம் ஷீட் தள்ளுபடியில் கிடைக்கிறது. டெக்கில் ஒட்டலாமா?

பதில்: வெயிலில் வெறுங்காலோடு நடக்கும் எண்ணம் இல்லையென்றால் தாராளமாக.