தோற்ற ஆட்டத்தை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. பிள்ளைகள் தூங்கியதும் பத்து மணிக்கு லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடுகிறது. மூன்று நிமிட ஆட்டம்தான். சில நாள் முப்பது ஆட்டம்கூடப் போகும். கறுப்பு கிடைத்தால் எப்போதும் ஸ்டாஃபோர்ட் கேம்பிட்தான்; ஒரு சிப்பாயைக் கொடுத்துப் பொறி வைக்கும் ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்கம். தோற்றால் கோபம் வருகிறது, உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறேன். ரேட்டிங் இரண்டு வருடமாக 1300-ஐத் தாண்டவில்லை. குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். எனக்கு வயதாகிவிட்டதா? வேறு எந்த ஓப்பனிங் கற்றுக்கொள்ளலாம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

வயதை விடுங்கள். பிடித்திருப்பதால் ஆடுகிறீர்கள், அதற்கு வயது கிடையாது. ரேட்டிங்கையும் விடுங்கள். என்னைத் தைத்தது 'உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறேன்' என்ற வரி.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது பெரியப்பாவின் நீள நோட்டு ஒன்று கிடைத்தது. அவர் தபாலில் செஸ் ஆடியவர். ஒரு கார்டில் ஒரு நகர்வு. பதில் வர வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை பலகை டிரங்குப் பெட்டி மேல் அப்படியே இருக்கும். பெரியம்மா காய்களை அசைக்காமல் சுற்றித் துடைப்பார். கார்டைப் பெட்டியில் போடுவது என் வேலை. ஒருமுறை போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், பெரியப்பா வாசலிலேயே நிற்கிறார். "போட்டுட்டியாடா?" என்றார். போட்டாயிற்று. உள்ளே போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டார். யானை போகப்போகிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அந்த ஆட்டம் தோற்று முடிந்த பிறகும் மூன்று நாள் காய்களை அடுக்கவில்லை. நோட்டில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'குதிரையை மட்டுமே பார்த்தேன்.'

நீங்கள் ஒரே ராத்திரியில் பதினைந்து ஆட்டம் தோற்கிறீர்கள். அதில் ஒன்றுக்காவது இப்படி ஒரு வரி எழுத முடியுமா உங்களால்?

ஸ்டாஃபோர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குதிரைக்குக் குதிரை போய், நாலாவது நகர்விலேயே உங்களுக்கு ஒரு சிப்பாய் குறைவு. எதிராளி ஈ5 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளி, ஈ4-இல் வந்து நிற்கும் உங்கள் குதிரையை ஆசைப்பட்டு வெட்டினால் உங்கள் பிஷப் எஃப்2-வில் செக் வைக்கும். அவருடைய ராஜா அதை வெட்டினால் அவர் ராணி போச்சு. அழகான பொறிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஐந்தாவது நகர்வில் டி3, அடுத்து பிஷப் ஈ2 என்று நிதானமாக வைத்தால்? உங்களிடம் திட்டமே இல்லை. எதிராளியின் அவசரத்தை நம்பி ஆடி ஆடி, அந்த அவசரம் உங்களுக்கே தொற்றிக்கொண்டது. வேறு ஓப்பனிங் கற்றாலும் இதே கதைதான்.

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அலசல் பார்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். அது சரியான நகர்வைச் சொல்லும். நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? குகேஷை இழுத்தீர்களே, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கிராண்ட் மாஸ்டர் ஆகும் வரை எஞ்சின் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் அலசல் பக்கமே விடவில்லை. சொந்த மூளையால் கணக்குப் போடட்டும் என்றுதான். அவருடைய வயதைப் பார்த்த நீங்கள் இதையல்லவா பார்த்திருக்க வேண்டும்!

பகல் முழுக்க உழைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, உங்களுக்கென்று மிஞ்சுவது அந்த மூன்று மணி நேரம். அது எவ்வளவு அருமையான நேரம் என்று எனக்குத் தெரியும். அதைக் கோபத்தில் கரைக்கிறீர்களே என்றுதான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இன்றைக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்கள். அரை மணி நேர ஆட்டம். தோற்றால் போனை வைத்துவிட்டு, வீட்டில் பலகை இருந்தால் எடுத்து, முதலிலிருந்து வையுங்கள். எங்கே கை தவறியதோ அங்கே நிறுத்துங்கள். அப்போது என்ன நினைத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஜெயித்த ஆட்டம் வேண்டாம்.

அன்புடன்.