பேனலுக்குப் பின்னால் உப்பு

கேள்வி: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது. பிவிசி பேனல் அடித்து மறைத்துவிட்டு, மேலே ஜிப்சம் சீலிங்கும் போட்டுவிடலாம் என்கிறார் வேலை செய்பவர். செய்யலாமா ஐயா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மறைக்கலாம் அம்மா. நானும் ஒருமுறை மறைத்தேன். கீழக்கரையில் ஒரு பழைய வீடு. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். ஓதம் (சுவரில் ஊறிய ஈரம்) காயாத சுவரிலேயே மரச்சட்டம் அறைந்து பேனலை மாட்டினேன். மறுவருடம் ஸ்விட்ச் பெட்டியை மாற்றுவதற்காக இரண்டு பேனலைக் கழற்றியபோது, ஒரு முறம் காரைத்தூள் காலில் கொட்டியது. சட்டத்தை விரலால் பிய்க்க முடிந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் ஒரு சோதனை. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, சுவரில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்றடிக் கணக்கைப் பார்த்தால், தரைக்கு அடியிலிருந்து நீர் உப்பையும் சுமந்துகொண்டு ஏறுகிறது என்றே நினைக்கிறேன். நீர் காய்கிறது, உப்பு காரைக்குள் தங்கி, பருத்து, மேற்பூச்சைத் தள்ளுகிறது. பெயின்ட்டைத் திட்டிப் பயனில்லை.

குளியலறைக் குழாய் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, கொத்தனாரைக் கொண்டு ஓதத் தடுப்பு செய்யுங்கள். கறைக்கு மேலே ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் அப்படியே திறந்து கிடக்கட்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு பேனல். பேனலைத் தாங்கும் சட்டத்துக்கு, அதாவது ரீப்பருக்கு, மரம் வேண்டாம், பிவிசி ரீப்பர் போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே அடிக்கும்போது, ஒரே நீளமாக ஓட்டாமல் இடையிடையே இரண்டு விரல் இடம் விடச் சொல்லுங்கள். காற்று மேலேற வழி வேண்டும். தரையை ஒட்டி அரை அங்குலமும் உச்சியில் அதே அளவும் திறந்திருக்கட்டும். கரப்பான் பூச்சிக்குப் பயந்தால் வலை வையுங்கள், சிலிகான் வைத்து அடைத்துவிடாதீர்கள். பத்தடிப் பேனல் வெயிலில் நீளும், ஆகையால் முனையில் இரண்டு நூல் (கால் அங்குலம்) இடைவெளி தேவை. முதல் பேனலுக்குத் தூக்குக்குண்டு பிடியுங்கள். அது ஒரு நூல் சாய்ந்தால் அந்தச் சுவர் முழுதும் சாயும்.

திருகாணிதான் நம் ஊரில் உயிர்நாடி. கறுப்புத் திருகாணி மதுரைக்குச் சரி. இங்கே ஒரு மழைக்காலத்தில் சீலிங்கில் துருப்பொட்டு வைக்கும். 304 ரக எவர்சில்வர் திருகாணி கேளுங்கள், கடல் இவ்வளவு பக்கம் என்றால் 316 ரகம் இன்னும் நல்லது. சீலிங்கைத் தாங்கும் ஜிஐ சானலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) வெட்டிய முனைகளில் துத்தநாகப் பூச்சு போய்விடும். அங்கே துத்தநாக பெயின்ட் தொடவேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் அரிப்பதைச் சோதிக்க நம் மண்டபம் ஊரில்தான் நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் தேடி வந்த காற்று உங்கள் கூடத்துக்குள் இலவசமாக வருகிறது!

மேல்தளம் ஒழுகினால் ஜிப்சம் சீலிங்கை மறந்துவிடுங்கள்; நனைந்தால் தொய்ந்துவிடும். ஒழுகாவிட்டால் போடலாம். மின்விசிறி மட்டும் கான்கிரீட் தளத்துக் கொக்கியில்தான் தொங்கவேண்டும், சானலில் அல்ல.

கேள்வி: சமையலறை அடுப்புச் சுவருக்கும் பிவிசி பேனல் ஒட்டலாமா?
- வாசகர், தொண்டி

பதில்: கூடாது. சூட்டில் வளையும், தீப்பிடித்தால் வரும் புகை நஞ்சு. அடுப்புச் சுவருக்கு ஓடு பதியுங்கள்.