ஆறு பேரைப் பலி கொடுத்தது சரியா?

கேள்வி: கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்தில், குறுகலான கடல்வழியில் ஒரு பாறையில் வாழும் ஆறு தலைப் பூதமான சில்லா ஆறு பேரைத் தின்னப்போகிறது என்று தெரிந்தும், கதாநாயகன் ஒடிஸியஸ் தன் மாலுமிகளிடம் மறைத்தது நியாயமா?

பதில்: சொல்லியிருந்தால் பயத்தில் துடுப்பைப் போட்டுவிட்டு எல்லோரும் கப்பலுக்குள் பதுங்கியிருப்பார்கள், எதிர்ப் பாறைக்கடியில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கடலை உறிஞ்சிக் கக்கும் கரிப்டிஸ் என்ற சுழல் பூதம் கப்பலையே விழுங்கியிருக்கும். ஆறு பேர் போனாலும் சரி, சில்லாவின் பாறையை ஒட்டியே போ என்று சூனியக்காரி கிர்க்கி முன்பே சொல்லியிருந்தாள். கணக்குப்படி சரிதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை! ஹோமர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: எல்லோரும் கரிப்டிஸின் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மூன்று வரிசைப் பல்லோடு ஆறு தலைகள் இறங்கி ஆளுக்கொருவரைக் கவ்வித் தூக்க, அவர்கள் அந்தரத்தில் கை காலை உதறிக்கொண்டு ஒடிஸியஸின் பெயரைச் சொல்லி அலறினார்கள். கடலில் தான் கண்டதிலேயே கொடுமை அதுதான் என்று அவனே பிறகு சொல்கிறான். அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.